முள் இறங்கினால் கசிவுதானா? பைப் பிரஷர் டெஸ்ட் தகராறுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழி

ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, சரிவில் படிப்படியாகக் கட்டிய வீடு. மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பைப் லைனை நிரப்பி, பம்ப் அடித்து 8 கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) ஏற்றி விட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் கேஜ், அதாவது அழுத்தமானி, 7.2 காட்டியது. பைப்புக்காக வெட்டிய காடியை அடைத்துப் பூச்சு வேலையும் முடிந்த சுவர். வீட்டுக்காரர் வைத்த இன்ஜினியர், "லீக் இருக்கு, உடைச்சுப் பாருங்க" என்றார். பிளம்பரோ, "மலைக் குளிருக்கு முள்ளு இறங்கத்தான் சார் செய்யும், இதுக்குப் போய் சுவரை உடைக்கச் சொல்றீங்களே" என்றார். இரண்டு பேரும் பத்து மணிக்குள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு போன் வந்தது.

நான் சேலம் குகைப் பகுதியில் ஒரு மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்ந்து பிளம்பரானவன். இப்போது சில வருடங்களாக எதிர்ப்பக்கம், அதாவது டெஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போடும் பக்கம். ஆய்வு செய்பவர் என்று இங்கே நான் சொல்வது மாநகராட்சி ஆளை அல்ல. வீட்டுக்காரரோ பில்டரோ வைக்கிற சைட் இன்ஜினியர் அல்லது கன்சல்டன்ட். சண்டை எப்போதும் அவருக்கும் பிளம்பருக்கும்தான். பத்துக்கு ஏழு தடவை அந்தச் சண்டை பைப்பைப் பற்றியதே அல்ல, கேஜின் முள்ளைப் பற்றியது. முள் எதையெல்லாம் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தால் பாதி சுவர்கள் பிழைக்கும்.

பம்ப் அடிக்கும் முன்னாலேயே தகராறு: "பத்து கிலோ வேணும்", "மூணு போதும்"

இது கசிவே வராத நிலையில் வரும் முதல் சண்டை. சேலத்தில் தரைத்தளமும் மேலே நான்கு மாடியும் உள்ள அபார்ட்மெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் கீழ் வீட்டுக் குழாயிலிருந்து 18 மீட்டர் உயரம் என்றால் அங்கே விழும் அழுத்தம் 1.8 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு கிலோ, அவ்வளவுதான் கணக்கு. வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று பிளம்பர் கணக்குப் போட்டால் 2.7 வரும். சிபிவிசி (வெந்நீருக்கும் போடும் பிளாஸ்டிக் பைப்) லைனுக்கு 10 கிலோ, ஒரு மணி நேரம் என்பது பலரும் ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம். இன்ஜினியர் அதைக் கேட்பார். இரண்டு பேர் கையிலும் ஒரு விதி இருக்கிறது.

என் கட்சி இதில் இன்ஜினியர் பக்கம். சிபிவிசியில் பைப் ஃபிட்டிங்குக்குள் இறுக்கமாகத்தான் போகும். அவசரத்தில் சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவ மறந்த ஜாயின்ட்கூட 2.7 கிலோவில் ஒரு மணி நேரம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். 10 கிலோவில்தான் அது வெளியே வந்து விழும்.

ஆனால் அதையும் தாண்டி "பதினைந்து ஏத்துங்க, இருபது ஏத்துங்க" என்று கேட்கும் இன்ஜினியர்களும் உண்டு. எஸ்டிஆர் 11 (பைப்பின் சுவர்த் தடிமனைச் சொல்லும் எண்) சிபிவிசி 23 டிகிரியில் 28 கிலோ தாங்கும் என்று பைப்பின் மேலேயே அச்சடித்திருக்கும், உண்மைதான். அதே பைப் 82 டிகிரியில் 7 கிலோவுக்குத்தான் பொறுப்பு. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் லைன் 23 டிகிரியில் இருக்காது. அதோடு லைன் என்றால் பைப் மட்டுமா? வால்வு, சுவருக்குள் போகும் டைவர்ட்டர் (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடுவது), பித்தளை எல்போ (வளைவு இணைப்பு) எல்லாம் சேர்ந்தது. அதில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் எல்லை. கீசர், சோலார் தொட்டி, ஃபிளஷ் டேங்க், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிளக் போட்டுத்தான் டெஸ்ட். சோலார் தொட்டியோடு சேர்த்து 10 கிலோ அடித்துவிட்டுத் தொட்டி பிளந்துகொண்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிவிடுங்கள். எத்தனை கிலோ, கேஜ் எந்த மட்டத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு இறக்கம் வரை ஒத்துக்கொள்வது. நான்காவதை யாரும் எழுதுவதில்லை. சண்டை முழுக்க அதில்தான் வருகிறது.

முள் ஏறவே மாட்டேன் என்கிறது

எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது. வாஷிங் மெஷின் பாயின்ட், மாடியில் செடிக்கு வைத்த குழாய், இரண்டையும் முதலில் பாருங்கள். எல்லாம் மூடியிருந்தால் பம்பின் வாஷரைப் பாருங்கள். இதில் யாரும் சண்டை போடுவதில்லை.

ஏற்றியதும் இறங்குகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

10 ஏற்றினால் பதினைந்து நிமிடத்தில் 9.3. இன்ஜினியர் பேனாவைத் திறந்து "ஃபெயில்" என்று எழுதப் போவார். பொறுங்கள்.

பிளாஸ்டிக் பைப் அழுத்தம் ஏறியதும் ஒரேயடியாக விரிந்து நின்றுவிடாது. மெதுவாக, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். புது டயரில் காற்றடித்த கதை மாதிரி. ஆகவே முதல் இறக்கத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அரை மணி நேரம் விட்டு, மறுபடி 10 வரை ஏற்றி, மறுபடி அரை மணி நேரம் விடுங்கள். டெஸ்ட் நேரத்தை அதற்குப் பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

இதைப் பிளம்பரும் சாக்காகப் பயன்படுத்துவார். அதனால் ஒவ்வொரு முறை இறங்கியதையும் எழுதிக்கொண்டே வாருங்கள். 0.7, 0.3, 0.1 என்று குறைந்துகொண்டே போனால் பைப் விரிகிறது. 0.7, 0.7, 0.6 என்று போனால் தண்ணீர் போகிறது. மூன்று எண்ணை எழுதிவிட்டால் விவாதத்துக்கு வேலையில்லை.

ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருக்கிறது

இங்கேதான் சுத்தியலை எடுப்பார்கள். எடுக்கும் முன் டெஸ்ட் சாமானையே சந்தேகப்படுங்கள். பம்ப்புக்கும் லைனுக்கும் நடுவில் ஒரு பால் வால்வு வேண்டும். கேஜ் அந்த வால்வுக்கு லைன் பக்கம் இருக்கவேண்டும். பம்பிலேயே பொருத்திய கேஜை நம்பி டெஸ்ட் பார்த்தால் நீங்கள் சோதிப்பது பம்பைத்தான்.

ஏற்காட்டு வீட்டில் நடந்தது இதுதான். கேஜ் பம்ப் மேல் இருந்தது, நடுவில் வால்வு கிடையாது. பம்பின் அழுத்தம் திறந்துவிடும் திருகைத் துடைத்துவிட்டு அதன் கீழே ஒரு துண்டு நியூஸ்பேப்பரை வைத்தேன். கால் மணி நேரம் எதுவும் இல்லை. பிளம்பர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். இருபது நிமிடத்தில் காகிதத்தில் பத்துக் காசு அகலத்துக்கு ஒரு ஈரவட்டம். வால்வு வாங்கிவர மலையிறங்கிப் போக மனமில்லாமல், அந்த வீட்டிலேயே வேறு வேலைக்கு வைத்திருந்த அரை இஞ்ச் பால் வால்வை எடுத்துப் போட்டு மறுபடி ஏற்றினோம். மறுநாள் காலை 7.8. குளிர் என்று பிளம்பர் சொன்னதும் கொஞ்சம் உண்மை, இறக்கம் இருக்கிறது என்று இன்ஜினியர் சொன்னதும் உண்மை. சுவருக்குள் மட்டும் ஒன்றும் இல்லை.

பம்ப் சரி என்றால் அடுத்து பிளக்குகள். பச்சை, நீல பிளாஸ்டிக் பிளக்கில் டெஃப்லான் டேப் குறைவாகச் சுற்றியிருந்தால் சொட்டும். ஒவ்வொன்றையும் உலரத் துடைத்து, அடியில் டிஷ்யூ சுற்றுங்கள். மூன்றாவது, டெஸ்டின் எல்லையாக நீங்கள் மூடிவைத்த கேட் வால்வு. கேட் வால்வு சொட்டுச் சொட்டாக விடுவது அதன் பிறவிக்குணம். எல்லையில் எண்ட் கேப் போடுங்கள், வால்வை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் தாண்டியும் இறங்கினால் லைனைப் பாதியாகப் பிரித்து டெஸ்ட் செய்யுங்கள். குளிர்ந்த நீர் லைன் தனியாக, வெந்நீர் லைன் தனியாக, அப்புறம் பாத்ரூம் வாரியாக. பொதுவாக மாட்டிக்கொள்வது நீளமான பைப் அல்ல, பித்தளைத் திரெட் வரும் எல்போதான். மேஸ்திரி அதை ஒரு சுற்று கூட இறுக்கி, பிளாஸ்டிக் உடம்பில் மயிரிழை விரிசல் விட்டிருப்பார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த விரிசல் ஒரு வெள்ளிக் கம்பி போலத் தெரியும், நேரே பிடித்தால் தெரியாது.

முள் அசையவில்லை, ஆனால் சுவர் ஈரம்

பிளம்பருக்குப் பிடித்த அறிகுறி. "முள்ளே சாட்சி சார்" என்பார். கசிவு இருந்தும் இல்லை என்று முள் பொய்ச்சாட்சி சொல்லும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லைனில் காற்று மாட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். தண்ணீர் சொட்டினாலும் காற்று விரிந்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு கணக்கு பாருங்கள். முக்கால் இஞ்ச் சிபிவிசி 60 மீட்டர் என்றால் உள்ளே சுமார் 15 லிட்டர் தண்ணீர். காற்று இல்லாமல் நிரப்பியிருந்தால் அதை 10 கிலோவுக்கு ஏற்ற ஒரு சின்ன டீ கிளாஸ் தண்ணீர்கூடக் கூடுதலாகத் தேவைப்படாது. பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கசிவு ஒரு மணி நேரத்தில் 18 மில்லி. அந்தக் கிளாஸில் கால் பங்கு போய்விட்டது, முள் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கும், குருடனுக்கும் தெரியும். அதே லைனில் ஐந்து லிட்டர் காற்று மாட்டியிருந்தால் அதே 18 மில்லிக்கு முள் அரை கிலோகூட நகராது. அதுவும் 40 கிலோ வரை காட்டும் பெரிய கேஜ் என்றால் அந்த நகர்வைக் கோட்டின் தடிப்பு மறைத்துவிடும்.

காற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. டெஸ்ட் முடிந்து அழுத்தத்தைத் திறக்கும்போது வெளியே வரும் தண்ணீரை ஒரு மக்கில் பிடியுங்கள். சர்ரென்று ஒரு பீய்ச்சல் அடித்துவிட்டு நின்றால் லைனில் காற்று இல்லை. மக் பாதி நிறையும் வரை வந்துகொண்டே இருந்தால் அந்த டெஸ்ட் செல்லாது, எத்தனை மணி நேரம் முள் நின்றிருந்தாலும் சரி. லைனின் மிக உயரமான பாயின்டைத் திறந்து வைத்து, கீழிருந்து மெதுவாக நிரப்பி, கொப்புளம் இல்லாமல் தண்ணீர் வழியும் வரை விட்டு மூடுங்கள். வெந்நீர் லைனுக்கும் குளிர்ந்த நீர் லைனுக்கும் கீசர் பாயின்டில் ஒரு சிறு ஹோஸ் இணைப்பு கொடுத்தால் இரண்டும் ஒன்றாகக் காற்றிறங்கும்.

கேஜை டெஸ்ட் அழுத்தம் நடுப்பகுதியில் விழும்படி தேர்ந்தெடுங்கள். 10 கிலோ டெஸ்டுக்கு 16 கிலோ கேஜ் போதும்.

காற்றும் இல்லை, முள்ளும் நிற்கிறது, ஆனாலும் ஈரம் என்றால் அது இந்த லைனின் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். பூச்சுக்கு நீர் விட்டது, மேல் மாடி பாத்ரூமின் தரை, மழை. சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று முறை டெஸ்ட் பாஸ் ஆன லைனை இரண்டு வாரம் திட்டினார்கள், கடைசியில் பக்கத்து வீட்டு டேங்க் நிரம்பி வழிந்து பொதுச்சுவரில் இறங்கியிருந்தது. டேங்கின் மோட்டாரை ஒரு நாள் போடாமல் இருக்கச் சொல்லியிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். இன்னொரு சாத்தியமும் சொல்கிறேன். ரப்பர் வளையம் உள்ள ஜாயின்ட்கள் அதிக அழுத்தத்தில் இறுகிக்கொண்டு, அரை கிலோவில் சொட்டும். ஆகவே 10 கிலோ டெஸ்ட் முடிந்தபின் ஒரு கிலோவில் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

இரவில் இறங்கி, மதியம் ஏறுகிறது

கசிவு இறங்கும், திரும்ப ஏறாது. மதியம் முள் தானாக ஏறினால் அது வெப்பத்தின் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம், சண்டையை அங்கேயே முடிக்கலாம். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் இது ரொம்பத் தெரியும். தண்ணீர் விரியும் அளவுக்கு இரும்பு விரியாது, காற்றில்லாமல் அடைத்த ஜிஐ லைனில் ஒரு டிகிரி மாற்றத்துக்கே முள் சில கிலோ நகரும். ஜிஐ லைனை வெயிலில் 10 கிலோ ஏற்றி அடைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது முட்டாள்தனம். சிபிவிசியில் பைப்பும் கூடவே விரிவதால் நகர்வு சிறியது. எனவே "குளிருக்கு இறங்குச்சு" என்று பிளம்பர் சொல்வது சிபிவிசியில் கால், அரை கிலோ வரை செல்லும். இரண்டு கிலோ இறங்கியதைக் குளிர் தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் செய்வது இது. காலை ஆறு மணிக்கு ஒரு அளவு, மறுநாள் காலை ஆறு மணிக்கு இன்னொரு அளவு. அதே வெப்பம், அதே கேஜ். நடுவில் ஆனதெல்லாம் எனக்கு வேண்டாம்.

இரண்டு கேஜ், இரண்டு அளவு

பிளம்பரின் கேஜ் கீழே 10, இன்ஜினியரின் கேஜ் மாடியில் 8.6. யாருடையது சரி? இரண்டுமே. நடுவில் 14 மீட்டர் உயரம். சரிவில் கட்டும் ஏற்காட்டு வீடுகளில் இது ஓயாது. தொட்டி மேல் தட்டில், விருந்தினர் அறை நாலு தட்டு கீழே. மேலே 10 ஏற்றினால் கீழ் எல்போவில் 12, 13 இருக்கும். அதனால்தான் கேஜ் எந்த மட்டம் என்று முதலிலேயே எழுதச் சொன்னேன்.

அப்புறம் அலகு. கிலோ, பார், பிஎஸ்ஐ மூன்றும் ஒரே சைட்டில் புழங்கும். கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டு சதவீத வித்தியாசம். ஒரு கிலோவுக்கு 14.2 பிஎஸ்ஐ. "நூறு ஏத்தியாச்சு" என்று பிளம்பர் சொன்னால் அது 7 கிலோ, 10 அல்ல.

மலைக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கதி. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் சுமார் 0.15 கிலோ குறைவு. சாதாரண கேஜுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, சுற்றியிருக்கும் காற்றைத்தான் அது சுழி என்று வைத்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே கிளிசரின் ஊற்றி முழுக்க அடைத்த கேஜ் என்றால் அது சேலத்துக் காற்றை வயிற்றில் அடைத்துக்கொண்டு மலையேறிவிடும். முள் சுழிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மேலே உள்ள ரப்பர் மூடியைக் கொஞ்சம் தூக்கி மூடினால் சரியாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த கேஜை அப்படியே மாட்டிவிட்டு, "உங்க கேஜ் தப்பு" என்று சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

சந்தேகம் வந்தால் இரண்டு கேஜையும் ஒரே டீயில் (T வடிவ இணைப்பில்) பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள்.

டிரெயின் லைனிலும் பம்ப் அடிக்கச் சொல்கிறார்

மறுத்துவிடுங்கள். ரப்பர் ரிங் போட்ட எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீர்) பைப் அழுத்தத்துக்கானதே அல்ல. அடியை அடைத்து, மேலே சுமார் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, கால் மணி நேரம் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். பைப்புகள் மேலிருந்து கீழ் வரை இறங்கும் உயரமான ஷாஃப்ட் என்றால் மாடி மாடியாக. பத்து மாடியை ஒரேயடியாக நிரப்பினால் கீழ் ரிங்கில் 3 கிலோ விழும், அது கழன்றால் பிளம்பர் மேல் தப்பு சொல்ல முடியாது.

"தண்ணி இல்ல சார், காம்ப்ரசர்ல பார்த்துக்கலாம்"

கோடையில், அதுவும் மலையில், லாரித் தண்ணீர் வாங்கும் சைட்டில் இந்தப் பேச்சு வரும். பிவிசி, சிபிவிசி லைனில் காற்றை அடைத்து 10 கிலோ ஏற்றவே கூடாது. அதே அழுத்தத்தில் காற்று தேக்கிவைக்கும் சக்தி தண்ணீரைப் போலப் பல நூறு மடங்கு. தண்ணீர் லைனில் எல்போ விட்டால் பீய்ச்சி அடித்து நிற்கும், காற்று லைனில் விட்டால் துண்டுகள் பறக்கும். குளிரில் பிவிசி இன்னும் நொறுங்கும் தன்மை அடையும். பைப் கம்பெனிகளே எழுதிவைத்திருக்கும் எச்சரிக்கை இது. 60 மீட்டர் லைனுக்கு ஒரு குடம் தண்ணீர்தான் தேவை. அதற்கா இந்த ஆபத்து?

சொல்யூஷன் காயும் நேரத்திலும் மலையில் பொறுமை வேண்டும். சேலத்து வெயிலில் ஒரு நாள் போதும் என்றால் மார்கழி ஏற்காட்டில் போதாது, ஈரத்திலும் குளிரிலும் அது மெதுவாகத்தான் இறுகும். டப்பாவில் இருக்கும் அட்டவணையைப் படியுங்கள். ஜாயின்ட் போட்ட மறுநாள் காலை கழன்றால் "பைப் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரிடம் போய் நிற்காதீர்கள்.

டெஸ்ட் பாஸ், டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு

தாளில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது, ஆகவே இரண்டு பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். கேஜைக் கழற்றியதுதான் இங்கே தப்பு. டெஸ்ட் முடிந்ததும் 3 கிலோவுக்கு இறக்கி, கேஜை அப்படியே மாட்டி விடுங்கள். பூச்சு, டைல்ஸ், எலக்ட்ரீஷியன், கண்ணாடி மாட்டுபவர் என்று எல்லோரும் வேலை முடிக்கும் வரை அது தொங்கட்டும். காலையும் மாலையும் மேஸ்திரி ஒரு போட்டோ எடுத்தால் போதும். காடி மூடுவதற்கு முன் லைனையும் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஃப்ளாட்டில் இப்படித் தொங்கவிட்ட கேஜ் ஒரு நாள் பதினொன்றே முக்காலுக்கு மூன்றிலிருந்து சுழிக்குப் போனது. நான் படியேறி பாத்ரூமுக்குள் போனபோது, துண்டு மாட்டும் கம்பி பொருத்த வந்த பையன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். டிரில் இன்னும் சுவருக்குள். அதை வெளியே எடுக்க அவனுக்குப் பயம், ஏனென்றால் எடுத்தால் தண்ணீர் வரும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.